திரையில் நிறமும் இனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலிவுட் படங்களும் ஆங்கிலத் தொடர்களும் நிறைய பார்ப்பவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனால் இந்தப் பேச்சு வந்தாலே வீட்டிலும் நண்பர்களிடமும் அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சம்பவங்களும் ஆண்டுகளும் ஊரறிந்தவை. தீர்ப்புகள் என்னுடையவை.

1. படம்னா பொழுதுபோக்கு. அதுல போய் யாரு என்ன இனம், என்ன நிறம்னு எதுக்குப் பாக்கணும்?

இதைப் பார்ப்பவர்கள் ஆரம்பிக்கவில்லை, எடுத்தவர்கள் ஆரம்பித்தார்கள். 1915-இல் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தை இன்றும் திரைப்படக் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறார்கள். அந்த அளவுக்குத் தொழில் தெரிந்து எடுத்த படம். அதில் வில்லன்களாக வரும் கறுப்பினத்தவர் எல்லாம் நிஜத்தில் வெள்ளை நடிகர்கள், முகத்தில் கறுப்பு பூசியவர்கள். கதையைக் காப்பாற்ற வரும் வீரர்களோ கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு. படம் வெள்ளை மாளிகையிலேயே திரையிடப்பட்டது. செத்துக் கிடந்த கிளான் அமைப்பு அதே 1915-இல் மறுபடி தொடங்கப்பட்டது. அதற்கு ஆள் சேர்க்கவும் இந்தப் படம் பயன்பட்டது.

அப்புறம் ஹேஸ் விதிகள். ஹாலிவுட் தனக்குத் தானே 1930-இல் எழுதிக்கொண்டு, 1934 முதல் கறாராக அமல்படுத்திய தணிக்கை விதிகள் இவை. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே காதலோ உறவோ காட்டக்கூடாது என்று அதில் தனி விதியே உண்டு. 1950-களின் நடுப்பகுதி வரை அது இருந்தது. எழுதி வைத்து இனம் பார்த்த ஒரு தொழிலைப் பற்றிப் பேசும்போது, பார்வையாளர் மட்டும் இனம் பார்க்கக்கூடாது என்பது எனக்கு விளங்காத நியாயம்.

2. 'பிளாக்ஃபேஸ்' பிளாக்ஃபேஸ்னு சொல்றாங்களே, அது வெறும் மேக்கப் தானே?

மேக்கப்தான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வியாபாரம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மின்ஸ்ட்ரல் என்ற மேடை நிகழ்ச்சி பெரிய வசூல். வெள்ளைக்காரர்கள் கருக்கிய கார்க்கை முகத்தில் பூசி, உதட்டைப் பெரிதாக வரைந்து, சோம்பேறியாகவும் முட்டாளாகவும் ஆடிப் பாடிச் சிரிக்க வைப்பார்கள். சினிமா பேச ஆரம்பித்த காலத்திலும் அது தொடர்ந்தது. 1927-இன் 'தி ஜாஸ் சிங்கர்' படத்தில் அல் ஜோல்சன் அந்தப் பூச்சோடுதான் பாடுகிறார்.

இதில் என்னை உலுக்குவது பெர்ட் வில்லியம்ஸ் கதை. அவரே கறுப்பினத்தவர், அந்தக் காலத்தின் பெரிய நகைச்சுவை நடிகர்களில் ஒருவர். மேடையேறுவதற்கு அவரும் தன் முகத்தில் அந்தக் கரியைப் பூசிக்கொள்ள வேண்டியிருந்தது. நிஜக் கறுப்பு முகம் போதவில்லை, வெள்ளைக்காரன் கற்பனை செய்த கறுப்பு முகம்தான் டிக்கெட் விற்றது.

3. நடிப்புன்னாலே இன்னொருத்தரா மாறுறதுதானே? நல்லா நடிச்சா யாரு நடிச்சா என்ன?

கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். ஆனா மே வாங் கதையைச் சொன்னால் புரியும். 1905-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன வம்சாவளிப் பெண், மௌனப்பட காலத்திலேயே நட்சத்திரம். 1930-களின் நடுவில் எம்ஜிஎம் நிறுவனம் 'தி குட் எர்த்' படத்தை எடுக்கிறது. சீனக் கிராமத்து விவசாயி, அவன் மனைவி, பஞ்சம், நிலம் என்று போகும் கதை. அந்த மனைவி வேடத்துக்கு ஆனா மே வாங்கைத் தவிர வேறு யாரை யோசிப்பது?

கணவன் வேடத்துக்கு பால் முனி என்ற வெள்ளை நடிகரைப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். முதல் பதிலில் சொன்ன விதிகள் எழுத்தில் கறுப்பினத்தவரைத்தான் குறிப்பிட்டன, ஆனால் ஆசியர்கள் மேலும் அதே நிழல் விழுந்தது. வெள்ளைக்காரக் 'கணவனுக்கு' நிஜச் சீனப் பெண் மனைவியாக வரமுடியாது. எனவே சீன மனைவியாக லூயிஸ் ரைனர் என்ற வெள்ளை நடிகை வந்தார், சிறந்த நடிகைக்கான ஆஸ்கரும் வாங்கினார். ஆனா மே வாங்குக்கு நீட்டப்பட்டது, குடும்பத்தைக் கெடுக்க வரும் இரண்டாம் தாரத்தின் வேடம். வெள்ளையர்கள் சீனர்களாக நடிக்கும் படத்தில் சீன ரத்தம் உள்ள தன்னைப் பார்த்துக் கெட்ட வேடத்தை மட்டும் செய்யச் சொல்கிறீர்களே என்று கேட்டு அவர் மறுத்துவிட்டார்.

ஆக 'யார் வேண்டுமானாலும் யாராகவும் மாறலாம்' என்பது ஒரு வழிப்பாதையாகத்தான் இருந்தது. லூயிஸ் ரைனர் சீனப் பெண்ணாக மாறலாம். ஆனா மே வாங் வெள்ளைக்காரியாக மாறுவது இருக்கட்டும், சீனப் பெண்ணாகக்கூட நடிக்க முடியவில்லை. அவர் 1961-இல் இறந்தார். 2022-இல் அமெரிக்கா அவர் முகத்தைக் கால் டாலர் நாணயத்தில் பொறித்தது. அதற்குப் பதில் அந்த வேடத்தைக் கொடுத்திருக்கலாம்.

4. அந்தக் காலத்துலயே கறுப்பின நடிகைக்கு ஆஸ்கர் கொடுத்திருக்காங்களே?

கொடுத்தார்கள். ஹேட்டி மெக்டேனியல், 'கான் வித் தி விண்ட்' படத்தில் மேமி என்ற வேலைக்காரி வேடத்துக்காக, 1940-இல். விழா நடந்த ஓட்டலில் அவர் சக நடிகர்களோடு உட்காரவில்லை. சுவரோரமாகத் தனி மேசை போட்டிருந்தார்கள். அதற்கு முன் அட்லாண்டாவில் நடந்த முதல் திரையிடலுக்கு அவரால் போகவே முடியவில்லை. அந்த மாநிலத்தின் இனப் பிரிவினைச் சட்டம் அப்படி.

அடுத்து ஒரு கறுப்பின நடிகர் போட்டியிட்டு நடிப்புக்கான ஆஸ்கர் வாங்க 1964 வரை ஆனது, சிட்னி பாய்ட்டியர். கறுப்பினப் பெண் ஒருவர் முதன்மை நடிகை விருதை வாங்கியது 2002-இல், ஹாலி பெர்ரி.

5. சரி, எல்லாம் பழங்கதை. இப்பதான் மாறிடுச்சே?

மாறியிருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் 2015, 2016 இரண்டு ஆண்டுகளிலும் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையருக்கே போயின. ஏப்ரல் ரெய்ன் என்ற பெண் 'ஆஸ்கர்ஸ் சோ ஒயிட்' என்று ட்விட்டரில் எழுதிய ஒரு வரி, ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியே தன் உறுப்பினர் பட்டியலை மாற்றும் அளவுக்குப் போனது.

நான் கவனித்த இன்னொன்று உண்டு. ஆசிய முகங்கள் நிறைந்த படங்களுக்கு ஆஸ்கர் தாராளமாகவே கொடுப்பார்கள், அந்த முகங்களுக்கு மட்டும் கொடுக்க மாட்டார்கள். 'க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' 10 பரிந்துரைகள். 'ஸ்லம்டாக் மில்லியனர்' 8 விருதுகள், அதில் 2 நம் ரஹ்மானுக்கு. பாண்டிச்சேரிப் பையனின் கதையான 'லைஃப் ஆஃப் பை' 4 விருதுகள். 'பாரசைட்' சிறந்த படம் உட்பட 4. இந்த நான்கிலும் நடிப்புக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. ஒளிப்பதிவு பிரமாதம், இசை பிரமாதம், இயக்கம் பிரமாதம், நடித்தது மட்டும் யாரோ! 2021-இல் யூன் யோ-ஜுங்கும் 2023-இல் மிஷெல் யோவும் கே ஹுய் குவானும் நடிப்புக்கு வாங்கிய பிறகுதான் இது கொஞ்சம் உடைந்தது.

6. ஆஸ்கர்ல இப்ப இடஒதுக்கீடு வந்துடுச்சாமே? திறமைக்கு மதிப்பே இல்லையா?

நம் ஊரில் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி, ஆளும் இடமும்தான் வேறு. முதலில் விதி என்ன என்று பார்த்துவிடலாம். அகாடமி 2020-இல் அறிவித்து, 2024 விருதுகளிலிருந்து அமலுக்கு வந்தது. 'சிறந்த படம்' என்ற ஒரே ஒரு பிரிவுக்கு மட்டும்தான். திரையில் தோன்றுபவர்கள், திரைக்குப் பின் வேலை செய்பவர்கள், பயிற்சி வாய்ப்புகள், விளம்பர-விநியோகக் குழு என்று நான்கு வகை. இதில் ஏதாவது இரண்டில் தேறினால் போதும். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பால் புதுமையினர் எல்லோரும் கணக்கில் வருவார்கள்.

அதாவது திரையில் ஒரு கறுப்பு முகம்கூட இல்லாத படமும் தாராளமாகப் போட்டியிடலாம். இந்த விதி அமலுக்கு வந்த முதல் ஆண்டில் சிறந்த படமாக ஜெயித்தது 'ஓப்பன்ஹைமர்'. அதன் நடிகர் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒதுக்கீட்டால் திறமை செத்துவிட்டது என்று யாராவது சொன்னால், அவர் வேறு ஏதோ கோபத்தில் இருக்கிறார்.

7. 'லிட்டில் மெர்மெய்ட்' படத்துல வர்ற கடற்கன்னி ஏரியல் சிவப்பு முடி வெச்ச வெள்ளைப் பொண்ணு. அதுக்குக் கறுப்பினப் பெண்ணைப் போட்டது கதையைக் கெடுக்கிறது இல்லையா?

எந்தக் கதையை? 'லிட்டில் மெர்மெய்ட்' டென்மார்க்கின் ஆண்டர்சன் 1837-இல் எழுதியது. அதில் கடற்கன்னிக்கு இளவரசன் கிடைக்கவே மாட்டான். அவன் வேறு பெண்ணைக் கட்டிக்கொள்வான், இவள் நுரையாகக் கரைந்து காற்றோடு போவாள். 1989-இல் டிஸ்னி அதைக் கல்யாணத்தில் முடித்து, நண்டைப் பாட வைத்தது. கதையின் உயிரையே மாற்றியபோது வராத கோபம், 2023-இன் புதிய படத்தில் ஏரியலாக வந்த ஹாலி பெய்லியின் தோலைப் பார்த்ததும் வந்தது.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்தப் பாத்திரத்துக்கு நடக்கும் எதற்காவது அதன் இனம் காரணமாக இருக்கிறதா? ஏரியல் வெள்ளையாக இருப்பதால் அவளுக்குக் கதையில் எதுவும் நடப்பதில்லை. குரலைப் பறிகொடுப்பதுதான் கதை, ஹாலி பெய்லியிடம் அந்தக் குரல் இருந்தது. படம் சுமார்தான் என்பது வேறு விஷயம். கடலுக்கடியில் இருட்டாக எடுத்து வைத்திருந்தார்கள்.

8. அப்ப மாத்திப் போட்டா ஒத்துப்பீங்களா? கறுப்பினத் தலைவர் வேஷத்துல வெள்ளைக்காரர் நடிக்கட்டுமே?

இதைக் கேட்பவர்கள் மடக்கிவிட்டதாக நினைப்பார்கள். ஏழாவது கேள்வியின் அளவுகோலையே வைத்துப் பாருங்கள். மார்ட்டின் லூதர் கிங்குக்கு வாழ்க்கையில் நடந்த எல்லாவற்றுக்கும் அவர் நிறம்தான் காரணம். அதை எடுத்துவிட்டால் கதையே இல்லை. கூடவே மூன்றாவது பதிலில் சொன்ன ஒரு வழிப்பாதையும் இருக்கிறது. நூறு வருடம் ஒரு பக்கமாகவே போன வண்டிகளைக் கணக்கில் எடுக்காமல் இன்று திடீரென்று 'இரண்டு பக்கமும் சமம்' என்றால், லாபம் பழைய ஆட்களுக்குத்தான்.

அதற்காக எல்லா மாற்றத்துக்கும் கை தட்ட மாட்டேன். 2015-இல் வந்த 'ஹாமில்டன்' மேடை நாடகத்தில் அமெரிக்காவை நிறுவிய வாஷிங்டனாகவும் ஜெஃபர்சனாகவும் வருவது கறுப்பின நடிகர்கள். இந்த நாடு யாருடையது என்று கேட்பதற்காகவே செய்த தேர்வு அது. ஆனால் நிஜத்தில் இருவரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள், அது அந்தத் துள்ளலில் அமுங்கிப் போகிறது என்ற குறையையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

2023-இல் நெட்ஃப்ளிக்ஸ் வெளியிட்ட கிளியோபாட்ரா தொடரில் கறுப்பின நடிகையைப் போட்டார்கள், எகிப்தில் பெரிய எதிர்ப்பு. கிளியோபாட்ரா மாசிடோனிய கிரேக்க வம்சமான தாலமிகளில் வந்தவர். கற்பனைக் கதை என்று சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆவணத் தொடர் என்று பெயர் வைத்துவிட்டால் அளவுகோல் மாறிவிடுகிறது. எகிப்தியர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

9. ஆனா சில படத்துல வேணும்னே திணிச்ச மாதிரி இருக்கே?

இருக்கிறது. கதாநாயகியின் தோழி கறுப்பினப் பெண்ணாக இருப்பாள், நீதிபதி கறுப்பினத்தவராக இருப்பார், காவல் அதிகாரி இந்தியராக இருப்பார். அவர்களுக்கு வீடு எங்கே, அம்மா யார், ராத்திரி தூக்கம் வராமல் எதை நினைத்துப் புரள்வார்கள் என்று எதுவும் தெரியாது. நாயகி அழுதால் துடைக்க டிஷ்யூ நீட்டுவதற்கு ஒரு ஆள். போஸ்டரில் முகம் வேண்டும், கதையில் இடம் கொடுக்க மனம் இல்லை. இதைத் திணிப்பு என்று சொல்வதைவிடக் கஞ்சத்தனம் என்பேன். கொஞ்சமாக வைத்ததால்தான் துருத்திக்கொண்டு தெரிகிறது.

10. 'சிம்ப்சன்ஸ்' அபு சிரிப்பாத்தானே இருப்பான்? அதுக்கு எதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?

சிரிப்பாகத்தான் இருப்பான். 'சிம்ப்சன்ஸ்' அமெரிக்கக் கார்ட்டூன் தொடர், அதில் வரும் இந்தியக் கடைக்காரன் அபு. 1990-இலிருந்து ஹேங்க் அசாரியா என்ற வெள்ளை நடிகர் அவனுக்குக் குரல் கொடுத்தார். உண்மையைச் சொன்னால் அபு மோசமாக எழுதப்பட்ட பாத்திரமும் இல்லை. கணினி அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன், ராப்பகலாகக் கடை நடத்துபவன், அந்த ஊரின் மற்ற ஆண்களைவிட எவ்வளவோ பொறுப்பானவன்.

சிக்கல் அவன் தனியாக இருந்தது. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தியர் என்றால் ஏறத்தாழ அவன் ஒருவன்தான். அதே தொடரின் வெள்ளைக்காரக் குடும்பத் தலைவன் ஹோமர் குடித்துவிட்டு உளறினால், வெள்ளைக்காரர் எல்லாம் இப்படியா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த சேனலைத் திருப்பினால் வெள்ளைக்கார டாக்டர், வக்கீல், ஜனாதிபதி எல்லோரும் வருவார்கள். அபுவுக்கு அடுத்த சேனல் கிடையாது. அதனால் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு இந்தியப் பிள்ளையும் அபு ஆனது, 'தேங்க் யூ, கம் அகைன்' என்று அந்தக் குரலிலேயே சொல்லிச் சீண்டினார்கள். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017-இல் 'தி ப்ராப்ளம் வித் அபு' என்று ஆவணப்படமே எடுத்தார். 2020-இல் அசாரியா விலகிக்கொண்டார். நல்ல காரியம், ஆனால் அதோடு அபுவின் வாயே ஏறக்குறைய அடைபட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு இந்திய நடிகரிடம் குரலைக் கொடுத்துவிட்டுக் கூடவே நாலு இந்தியர்களை எழுதியிருக்கலாம்.

'ஒருத்தன் போதும்' என்ற மனநிலையை நகைச்சுவை நடிகர் அசிஸ் அன்சாரி 2015-இல் தன் 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரில் நன்றாகவே கிண்டல் செய்திருக்கிறார். ஒரு தொடரில் ஒரு இந்தியன் இருக்கலாம், இரண்டு பேர் வந்துவிட்டால் அது 'இந்தியத் தொடர்' ஆகிவிடும் என்று தயாரிப்பாளர்கள் பயப்படுவார்கள். அன்சாரியின் பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். தொடரில் அப்பா அம்மாவாக வருவதும் அவருடைய நிஜ அப்பா அம்மாதான். நடிப்பு தெரியாத அவர்கள் வரும் காட்சிகள்தான் எனக்கு அதில் ரொம்பப் பிடித்தவை.

11. 'நெவர் ஹேவ் ஐ எவர்' அமெரிக்கத் தொடர்ல வர்ற தேவி தமிழ்ப் பொண்ணுன்னு சொல்றாங்க. ஆனா அவ பொய் சொல்றா, கத்துறா, அம்மாவை எதிர்த்துப் பேசுறா. நம்மளைக் கேவலப்படுத்துற மாதிரி இல்லையா?

எனக்கு நேர் எதிராகத் தோன்றியது. பத்தாவது பதிலில் சொன்ன அபுவை நினைத்துக்கொள்ளுங்கள். தனியாக நிற்பவன் ஒழுக்கமாக இருந்தே ஆக வேண்டும். தேவியைச் சுற்றி அம்மா, நினைவுகளில் வரும் அப்பா, உறவுக்கார அக்கா கமலா, பாட்டி என்று ஒரு வீடே இருக்கிறது. அதனால் அவளுக்குக் கெட்ட பிள்ளையாக இருக்கும் சுதந்திரம் கிடைத்தது. அப்பா செத்த துக்கத்தைச் சொல்லத் தெரியாமல் எல்லோர் மேலும் எரிந்து விழும் பதினைந்து வயதுப் பெண் அவள். அமெரிக்கத் தொடர்களில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் காலங்காலமாக இப்படித்தான் இருந்திருக்கிறார்கள், யாரும் அவர்கள் சமூகத்தின் மானம் போனதாகச் சொல்லவில்லை.

நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் பிறந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண். பொது அழைப்பில் விண்ணப்பித்த 15,000 பேரில் தேர்வானவர். எனக்கு இருக்கும் குறை வேறு. அமெரிக்கத் திரையில் இந்தியக் குடும்பம் என்றாலே வசதியான வீடு, டாக்டர் அம்மா, ஐவி லீக் என்ற பெரிய பல்கலைக்கழகங்களின் கனவு. டொராண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கும் தமிழர்கள் இன்னும் திரைக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

12. 'பிரிட்ஜர்டன்' ரெண்டாவது சீசன்ல ரெண்டு தமிழ்ப் பொண்ணுங்க நடிச்சாங்களே. அப்புறம் ஏன் 'அப்பா'ன்னும் சொல்றாங்க, 'தீதி'ன்னும் சொல்றாங்க?

'பிரிட்ஜர்டன்' பழைய லண்டன் பிரபுக்களின் காதல் கதைத் தொடர். அதில் அக்கா தங்கையாக வரும் சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் இருவருக்குமே தமிழ் வேர் உண்டு. குடும்பப் பெயர் சர்மா, தகப்பனுக்கு 'அப்பா', தங்கை அக்காவைக் கூப்பிடுவது இந்தி 'தீதி', அக்கா தங்கையைக் கூப்பிடுவது வங்காள 'போன்', படித்த மொழிகளில் மராத்தி. ஒரே வீட்டுக்குள் ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் பெட்டியே இருக்கிறது. அந்த ஏழு கடலுக்கு அப்பால் இதைக் கண்டுபிடிப்பார் யார் என்ற அலட்சியம்தான்.

இன்னொரு நெருடல். கதை நடப்பது 1814-இல். கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799, மருது சகோதரர்களை 1801, வேலூர்ப் புரட்சி 1806. அது நடந்து எட்டு வருடத்தில் இந்தியாவிலிருந்து இரண்டு பெண்கள் லண்டனுக்கு வந்து பிரபுக்களோடு நடனமாடுகிறார்கள், கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஒன்று இருந்ததாகவே யாருக்கும் நினைவில்லை. இருந்தாலும் பார்த்தேன், ரசித்தேன். கறுத்த பெண் ஒருத்தியை ஒரு முழு சீசனும் பேரழகியாக, எல்லோரும் ஏங்கும் நாயகியாக ஒளியமைத்து எடுத்திருந்தார்கள். அதைச் செய்ய நம் கோடம்பாக்கத்துக்கு ஏனோ கை வரவில்லை.

13. தமிழர் வேஷத்துல தமிழர்தான் நடிக்கணும்னா அது வேற மாதிரி சாதி ஆயிடாதா?

முகத்தைப் பற்றி நான் ரொம்பப் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். நாக்கைப் பற்றிப் பிடிப்பேன். 2015-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய 'தீபன்' பிரெஞ்சுப் படம், ஆனால் பெரும்பகுதி வசனம் தமிழ். இயக்குநர் ஜாக் ஓடியாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாயகனாக நடித்த ஷோபாசக்தி முன்னாள் போராளி, எழுத்தாளர். நாயகி காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து போனவர், ஈழத்தவர் அல்ல. படத்தின் கடைசிப் பகுதி எனக்கு ஒட்டவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் சந்தேகம் வந்ததில்லை.

2020-இல் தீபா மேத்தா எடுத்த 'ஃபன்னி பாய்' இதற்கு நேர் மாறு. 1983 கலவரத்தை நோக்கி நகரும் கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் கதை. அதில் பல தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தமிழ் பேச வராதவர்களைப் போட்டார்கள். முன்னோட்டத்தில் அந்தத் தமிழைக் கேட்ட கனடாத் தமிழர்கள் கொதித்துப் போனார்கள். பிறகு சில வசனங்களுக்கு மறுபடி குரல் பதிவு நடந்தது. மொழி பேசியதற்காக ஆட்களைக் கொன்ற ஒரு காலத்தைப் படமாக எடுக்கும்போது அந்த மொழியையே கொச்சையாக்கினால், மற்ற எல்லாக் கவனமும் வீண்.

ஸ்பீல்பெர்க்கின் 'டெம்பிள் ஆஃப் டூம்' படத்தில் வரும் வட இந்தியக் கிராமத்து மக்கள் சிங்களம் பேசுவது பலருக்குத் தெரியாது. இந்தியாவில் அனுமதி சிக்கலாகி, கண்டிப் பக்கம் போய் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தவர்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள்!

14. எல்லாம் சரி, நம்ம சினிமா மட்டும் யோக்கியமா?

இல்லவே இல்லை. 2007-இன் 'சிவாஜி' படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பாட்டில் ரஜினியைக் கணினி மூலம் வெள்ளைத்தோல்காரராக மாற்றிக் காட்டினார்கள். தியேட்டரில் விசில் பறந்தது. அதே படத்தில் அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்கள், முகத்தில் அப்பட்டமாகக் கறுப்பு பூசி. அவர்களைக் கண்டாலே மாப்பிள்ளை ஓடுவது நகைச்சுவை. இரண்டாவது கேள்வியில் கேட்ட 'வெறும் மேக்கப்' இதுதான். அங்கவையும் சங்கவையும் பாரியின் மகள்கள் என்று படித்திருக்கிறோம். பாரி இறந்தபின் அவர்களுக்கு மணம் முடிக்கக் கபிலர் அரசர் அரசராக அலைந்தார், மறுத்தார்கள். அந்தத் துயரத்தின் பெயர்களை எடுத்து இப்படி ஒரு காட்சி எழுத எப்படி மனம் வந்ததோ.

வடக்கே போனால் நாம் கேலிப்பொருள். 'படோசன்' படத்தில் மெஹ்மூத், 'அக்னிபத்' படத்தில் இளநீர் விற்கும் கிருஷ்ணன் ஐயர், அப்புறம் 'சென்னை எக்ஸ்பிரஸ்'. 2021-இல் வந்த 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் பாகத்தில் ஈழப் போராளியாகச் சமந்தாவின் முகத்தைக் கறுப்பாக்கினார்கள். கறுத்த நடிகைகள் பஞ்சமா என்ன? தமிழ்நாட்டு அரசு தடை கேட்டு மத்திய அரசுக்குக் கடிதமே எழுதியது. தடை கேட்டதில் எனக்கு உடன்பாடில்லை, கோபத்தில் உடன்பாடு உண்டு.

சாதியை விட்டுவிட்டு நம் ஊரில் இதைப் பேசவும் முடியாது. மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. எடுத்தவர் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல். நாயகி பி. கே. ரோஸி, தலித் பெண், நடித்தது நாயர் பெண்ணாக. திரையரங்கில் கல்லெறிந்தார்கள். ரோஸி தப்பித்துத் தமிழ்நாட்டுக்கு வந்து, வேறு பெயரில், நடிகை என்பதையே மறைத்து வாழ்ந்து முடித்தார். ஆனா மே வாங்குக்கு வேடம்தான் கிடைக்கவில்லை. ரோஸி கிடைத்த ஒரே வேடத்துக்காக ஊரைவிட்டே ஓடவேண்டி வந்தது.

15. இப்படியே பார்த்தா எந்தப் பழைய படத்தையும் ரசிக்க முடியாதே. தூக்கிப் போட்டுடணுமா?

தூக்கிப் போடுவதில் எனக்கு விருப்பமில்லை. 2020 ஜூனில் எச்பிஓ மேக்ஸ் என்ற இணையத் திரைத்தளம் 'கான் வித் தி விண்ட்' படத்தைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. கொஞ்ச நாளில் திரும்பக் கொண்டுவந்தபோது, படத்துக்கு முன்னால் ஜாக்குலின் ஸ்டூவர்ட் என்ற திரைப்பட ஆய்வாளர் சில நிமிடம் பேசும் முன்னுரையைச் சேர்த்திருந்தார்கள். எப்போது எடுத்தது, எதை மறைத்தது, ஹேட்டிக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிட்டுப் படத்தைப் பார்க்க விடுகிறார். அது போதும். படத்தையே எடுத்துவிட்டால் ஹேட்டியின் நடிப்பும் அதோடு சேர்ந்து காணாமல் போகும்.

வீட்டில் நான் செய்வதும் ஏறத்தாழ அதுதான், முன்னுரைதான் இன்னும் சின்னது. 1961-இன் 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்' படத்தில் மிக்கி ரூனி பல்லைத் துருத்திக்கொண்டு ஜப்பானியராக வருவார். இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸே பிற்காலத்தில் அதற்கு வருத்தப்பட்டிருக்கிறார். பிள்ளைகளோடு பார்க்கும்போது அந்தக் காட்சிகளை ஓட்டிவிட மாட்டேன். 'இது யார்?' என்று கேட்பார்கள், சொல்வேன். 'ஜப்பான்காரரே கிடைக்கலையா?' என்று அடுத்த கேள்வி வரும். கிடைத்திருப்பார், கூப்பிடவில்லை என்பேன். அதற்குள் ஆட்ரி ஹெப்பர்ன் ஜன்னலோரம் உட்கார்ந்து கிடாரோடு பாட ஆரம்பித்துவிடுவார், அந்தப் பாட்டு முடியும் வரை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.